சக்கிமுக்கித் துவக்குக் காலச் சண்டைகள்: படநூலுக்கு வரையேக்க எங்கே பிழைக்கும்?

வரைகோல்:

யாழ்ப்பாணத்திலை தமிழில் ஒரு படநூல் தயாராகுது. ஏ4 அளவு, 96 பக்கம், ஐஞ்சு சண்டை: யாழ்ப்பாணக் கோட்டை முற்றுகை (1658), பிரஷ்யரும் ஒஸ்ரியரும் மோதின லொய்த்தன் (1757), வங்காளத்திலை ஆங்கிலக் கம்பனியும் நவாபும் மோதின பிளாசி (1757), கம்பனியும் மைசூரும் மோதின பொள்ளிலூர் (1780), நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ (1815). ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம் விரியிற வண்ணப்படம் ஒண்டு, வரைபடம் ஒண்டு, துவக்கும் உடுப்பும் காட்டுற சின்னப் படங்கள் கொஞ்சம்.

பழைய ஓவியங்களைப் பார்த்து வரையத் தொடங்கினால் ஒண்டோடை ஒண்டு ஒத்து வரேல்லை. ஒரு ஓவியத்திலை நூற்றுக்கணக்கான ஆக்கள் இருக்கவேண்டிய பட்டாலியன் எண்டு முப்பது பேர் நிக்கினம், இன்னொண்டிலை வானம் முட்ட நெருப்பு. கேள்வி இதுதான்: எந்தச் சண்டைக்கு எந்தத் துவக்கு, அதைப் படத்திலை எப்பிடி வேறுபடுத்திக் காட்டுறது? ஒரு வரிசை எவ்வளவு நீளம்? புகை என்ன நிறம், எங்கை நிக்கும்? வரைபடத்துக்கு என்ன அளவுத்திட்டம் பொருந்தும்?

கோட்டைமதில்:

தம்பி, 1658க்கும் 1815க்கும் இடையிலை 157 வருசம். ஐஞ்சையும் ஒரே உறைக்குள்ளை போட்டால் முதல் படத்திலேயே பிழைக்கும். யாழ்ப்பாணத்திலை இருந்தே தொடங்குவம்.

1658இலை ஒல்லாந்தரும் போர்த்துக்கேயரும் வைச்சிருந்தது பெரும்பாலும் திரித் துவக்கு. சக்கிமுக்கிக் கல் இல்லை. வளைஞ்ச இரும்புக் கொக்கியின்ரை நுனியிலை எரியிற திரி பிடிச்சிருக்கும், விசையை இழுத்தால் திரி வெடிமருந்துக் கிண்ணியிலை படியும். திரியின்ரை இரண்டு முனையும் எரிஞ்சுகொண்டே இருக்கும், ஒண்டு அணைஞ்சால் மற்றதிலை பத்தவைக்க. ஆகவே ஒவ்வொருத்தன்ரை இடக்கையிலும் புகையிற கயிறு தெரிய வேணும். இரவுக் காட்சி எண்டால் மதிலோரம் முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். மார்பிலை குறுக்குப் பட்டி, அதிலை ஒவ்வொரு வெடிக்கும் அளந்து போட்ட மரக்குப்பிகள் தொங்கும், ஏறத்தாழப் பன்னிரண்டு. எரியிற திரியும் திறந்த மருந்தும் பக்கத்திலை பக்கத்திலை இருக்கிறபடியால் ஆக்களும் தள்ளித் தள்ளித்தான் நிண்டவை. தோளோடு தோள் முட்டி நிக்கிறது அடுத்த நூற்றாண்டுப் பழக்கம்.

துவக்கு முனையிலை கத்தி? 1658இலை போடாதேங்கோ. குழலுக்குள்ளை செருகிற வகை 1670களிலைதான் படைகளுக்குள்ளை பரவினது. அதைச் செருகினால் சுட ஏலாது, 1689இலை ஸ்கொட்லாந்தின் கில்லிகிராங்கியிலை அதாலையே ஒரு படை நொருங்கினது. குழலைச் சுத்தி வளையமாய்ப் பூட்டுற பயனெட் 1700ஐ ஒட்டித்தான் பொதுவானது. அதுக்கு முந்தின படத்திலை நீள ஈட்டிக்காரர் நிக்க வேணும்.

அடுத்தது கோட்டை. இதிலைதான் எங்கடை ஆக்களே பிழை விடுகினம். இப்ப யாழ்ப்பாணத்துப் பண்ணை எண்ட இடத்திலை நிக்கிற ஐங்கோணக் கோட்டை ஒல்லாந்தர் பிடிச்ச பிறகு கட்டினது. உள் ஐங்கோணம் 1680ஐ ஒட்டி முடிஞ்சது, நட்சத்திரம் மாதிரித் தெரியிற வெளி அரண்கள் 1792இலைதான். முற்றுகை நடக்கேக்க இருந்தது போர்த்துக்கேயரின் நாற்சதுரக் கோட்டை, நாலு மூலையிலும் கொத்தளம். ட்ரோன் படத்தைப் பார்த்து நட்சத்திரக் கோட்டையை வரைஞ்சு அதுக்குள்ளை போர்த்துக்கேயரை நிப்பாட்டினால், ஒல்லாந்தர் தாங்கள் கட்டப்போற கோட்டையைத் தாங்களே முற்றுகையிட்ட கதையாய்ப் போகும். கல்லு முருகைக்கல்லும் சுண்ணாம்பும், கருங்கல் நிறம் பூசவேண்டாம்.

உடுப்பிலை சீருடை இல்லை. இரண்டு பக்கமும் பலவித நிறத்திலை சட்டை, அகல விளிம்புத் தொப்பி. உள்ளூர் லஸ்கரின் படையாட்களும் இருந்தவை, அவையை விட்டிட்டு வரைஞ்சால் படம் ஐரோப்பாவிலை நடந்த மாதிரி இருக்கும். ஒல்லாந்தக் கம்பனியின் வி.ஓ.சி. எண்ட எழுத்துச் சின்னத்தைப் பீரங்கியிலை போட்டால், பக்கத்திலை ஒரு வரி விளக்கம் எழுதுங்கோ. இல்லாட்டி தமிழ்நாட்டு வாசகர் கப்பலோட்டிய சிதம்பரம்பிள்ளை எண்டு நினைப்பினம்.

மற்ற நாலும் சக்கிமுக்கித் துவக்கு, அதாவது கல்லு உருக்கிலை மோதித் தெறிக்கிற பொறியாலை வெடிக்கிறது. படத்திலை தெரியிற வித்தியாசத்தை மட்டும் சொல்லுறன். பிரவுண் பெஸ் எண்ட பிரிட்டிஷ் துவக்கிலை குழலையும் மரத்தையும் சின்ன ஊசியாணிகள் இணைக்கும், வெளியிலை வளையம் தெரியாது. பிரெஞ்சு சார்ல்வில் துவக்கிலை மூண்டு உலோக வளையம் பளிச்செண்டு தெரியும். பத்து மீற்றர் தூரத்து ஆளை வரையேக்கயும் இந்த ஒரு அடையாளம் போதும். நீளமும் மாறினது: 1757இன் பெஸ் குழல் 46 அங்குலம், வாட்டர்லூவிலை இருந்த 'இந்தியா மாதிரி' எண்ட வகை 39 அங்குலம். குட்டையான அந்தத் துவக்கே முழுதாய் ஏறக்குறைய 140 சென்ரிமீற்றர், 17 அங்குல பயனெட்டைப் பூட்டினால் 180ஐத் தாண்டும். நிலத்திலை ஊண்டிப் பிடிச்சிருக்கிற சிப்பாயின்ரை தலையை விட முனை மேலை நிக்க வேணும். கன ஓவியத்திலை காதளவிலை நிக்குது.

இனிப் பூட்டு. சுட ஆயத்தமாய் நிக்கிற துவக்கிலை கல்லைக் கவ்வின சுத்தியல் முழுக்கப் பின்னாலை, உருக்குத் தட்டு கிண்ணியை மூடியிருக்கும். சுட்டு முடிஞ்சதிலை சுத்தியல் முன்னாலை விழுந்து கிடக்கும், தட்டு முன்பக்கம் மடிஞ்சு திறந்திருக்கும். சுத்தியல் பின்னாலை நிக்க, குழல் வாயிலை புகை வாற படங்கள் எத்தினை! பூட்டு வலப்பக்கம்தான், இடக்கைக்காரனுக்கும் விலக்கில்லை. வெடிக்கேக்க புகை இரண்டு இடத்திலை கிளம்பும், கிண்ணியிலை சின்னதாய், வாயிலை பெரிசாய்.

மருந்து போடுற ஒழுங்கு: சுத்தியல் அரைவாசி பின்னாலை. கடதாசித் தோட்டாவைப் பல்லாலை கடிச்சுக் கிழித்தல். கிண்ணிக்கு ஒரு சிட்டிகை, தட்டை மூடுதல். அடிக்கட்டையை நிலத்திலை ஊண்டி மிச்ச மருந்தைக் குழலுக்குள்ளை கொட்டி, ஈயக்குண்டைக் கடதாசியோடையே தள்ளி, இடிகோலாலை இடித்தல். இடிகோலைத் திரும்பச் செருகி, சுத்தியலை முழுக்க இழுத்துக் குறி. நல்லாப் பழகினவன் நிமிசத்துக்கு மூண்டு, சண்டைக்குள்ளை இரண்டே பெரிய காரியம். தோட்டாவைக் கடிச்சுக் கடிச்சு வாயோரமெல்லாம் கரி. கிட்டத்திலை வரைஞ்ச முகத்திலை அந்தக் கரி இல்லாட்டி அவன் இன்னும் சண்டைக்குப் போகேல்லை எண்டுதான் அர்த்தம்.

பிழைக்கிறது எங்கை? கல்லு இருபது, முப்பது வெடிக்குப் பிறகு மழுங்கும். குழலையும் கிண்ணியையும் இணைக்கிற துளை கரியாலை அடைக்கும், கிண்ணி மட்டும் பத்தும். இரைச்சலுக்குள்ளை தன்ரை துவக்கு வெடிச்சதோ இல்லையோ எண்டு தெரியாமல் மேலாலை இன்னொரு தோட்டா போடுவான். பதட்டத்திலை இடிகோலை எடுக்க மறந்து அதையும் சேர்த்துச் சுடுறவனும் உண்டு, பிறகு அந்தத் துவக்கு வெறும் ஈட்டிதான். இதிலை இரண்டொண்டை வரிசைக்குள்ளை ஒளிச்சு வையுங்கோ, படத்துக்கு உயிர் வரும்.

கணக்குப்பிள்ளை:

வரிசையின் நீளத்துக்கு ஓவியங்களைப் பார்க்கத் தேவையில்லை, கணக்கே போதும். சக்கிமுக்கிக் காலத்தில் ஓர் ஆளுக்கு ஒதுக்கிய அகலம் சுமார் 22 அங்குலம், அதாவது 56 சென்ரிமீற்றர். 600 பேர் கொண்ட பட்டாலியன் மூன்று வரிசையாக நின்றால் முன்வரிசையில் 200 பேர்: 112 மீற்றர். வாட்டர்லூவில் பிரிட்டிஷார் நிற்பதுபோல் இரண்டு வரிசையென்றால் 300 பேர்: 168 மீற்றர். குதிரைக்கு ஏறக்குறைய ஒரு மீற்றர், ஆகவே 120 குதிரைகள் இரண்டு வரிசையில் 60 மீற்றர்.

பிரெஞ்சுப் படையின் பத்தி அணி என்றால் பலரும் ஒல்லியாக நீண்ட பாம்பு மாதிரி வரைகிறார்கள். ஆறு கம்பனி கொண்ட 600 பேர் பட்டாலியன், இரண்டு கம்பனி முகப்பில் முன்னேறினால் முன்னால் 66 பேர், பின்னால் ஒன்பது வரிசை. அகலம் 37 மீற்றர். கம்பனிகளுக்கு இடையில் இடைவெளி விடாமல் நெருங்கினால் ஆழம் அதைவிடக் குறைவு. பாம்பு அல்ல, செங்கல்.

மிக மோசமாக வரையப்படுவது, நாலு பக்கமும் வெளியே பார்த்து நிற்கும் சதுர அணி. 500 பேர் நாலு வரிசைத் தடிப்பில் நின்றால் ஒருவர் பின் ஒருவராக நால்வர் நிற்கும் நிரல்கள் 125, பக்கத்துக்கு 31. ஒரு பக்கத்தின் நீளம் 17 மீற்றர் சொச்சம். கிரிக்கெட் பிட்ச் 20 மீற்றர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்: வாட்டர்லூவில் குதிரைப்படை சுற்றிச் சுற்றி வந்த சதுரம் ஒன்றின் பக்கம், யாழ்ப்பாணப் பள்ளிக்கூடங்கள் 'வடக்கின் சமர்' கிரிக்கெட் ஆடும் பிட்சைவிடக் குட்டை. உள்ளே கொடி, மேளகாரர், காயப்பட்டவர்கள், குதிரையோடு கட்டளை அதிகாரி என்று நெருக்கியடித்திருப்பார்கள். ஓவியர்கள் உள்ளே ஒரு மைதானம் விட்டிருப்பார்கள். முன் இரண்டு வரிசையும் முழந்தாளிட்டுப் பயனெட்டைச் சாய்த்து ஊன்றியிருக்கும், பின் இரண்டும் நின்று சுடும்.

இன்னொரு கணக்கு. ஒருவன் 20 விநாடிக்கு ஒருதரம் சுடுகிறான் என்று வைத்தால், கட்டளையில்லாமல் அவரவர் வேகத்தில் சுடும் 200 பேரில் எந்த ஒரு விநாடியிலும் வெடித்துக்கொண்டிருப்பவர் பத்துப் பேர்தான். மீதிப் பேர் கடிப்பதும் கொட்டுவதும் இடிப்பதுமாக இருப்பார்கள். எல்லாத் துவக்கிலும் ஒரே நேரத்தில் தீப்பிழம்பு வரைவதானால் அது கட்டளையிட்ட ஒரே வீச்சுச் சூடு என்று படக்குறிப்பில் சொல்லுங்கள்.

எந்தத் தூரத்தில் எதிரியை நிறுத்துவது? 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரஷ்யர்கள் 100 அடி நீளம், 6 அடி உயரத் துணித் திரைக்குச் சுட்டுப் பார்த்தார்கள். 225 யார் தூரத்தில் (ஒரு யார் மூன்று அடி) நூற்றுக்கு 25 குண்டு, 150இல் 40, 75இல் 60 பட்டன. அது அசையாத திரை, திருப்பிச் சுடாத திரை. களத்தில் இதில் சிறு பகுதிதான் கிடைக்கும். எனவே சூடு பரிமாறும் இரண்டு வரிசைகளை 50இலிருந்து 100 மீற்றர் இடைவெளியில் வையுங்கள். விரிபடத்தின் அகலம் 150 மீற்றர் நிலம் என்று முதலே தீர்மானித்தால் எத்தனை உருவம் தேவை என்பது தானாக வரும்.

வரைபடம்: ஏ4 தாளில் 1:20,000 வைத்தால் 4.2க்கு 5.9 கிலோமீற்றர் அடங்கும். வாட்டர்லூவின் மையக்களம் அதற்குள் வந்துவிடும். இரண்டு மேட்டுக்கும் இடையிலுள்ள ஏறத்தாழ 1,200 மீற்றர் 6 சென்ரிமீற்றராகத் தெரியும், 112 மீற்றர் பட்டாலியன் 5.6 மில்லிமீற்றர். நீளத்தை அளவுக்கு வரையலாம், தடிப்பை ஏலாது. மூன்று வரிசையின் உண்மைத் தடிப்பு வரைபடத்தில் மயிரிழை, அதனால் பெட்டியின் தடிப்பு வெறும் அடையாளம் என்று விளக்கக் குறிப்பில் எழுதிவிடுங்கள். படையை ஒரு சென்ரிமீற்றர் பெட்டிகளாகப் போட்டு, களத்தில் இடமே இல்லாமல் அடுக்கிய வரைபடங்கள் சந்தையில் நிறைய. அவற்றைக் கூட்டிப் பார்த்தால் நாலு கிலோமீற்றர் களத்தில் எட்டுக் கிலோமீற்றர் படை நிற்கும்.

அம்புக்குறி போட்டால் நேரமும் போடுங்கள். பிரிட்டிஷ் சாதாரண நடை நிமிடத்துக்கு 75 காலடி, ஒரு காலடி 30 அங்குலம்: 57 மீற்றர். விரைவு நடை 108 காலடி: 82 மீற்றர். அந்த 1,200 மீற்றரைக் கடக்க 15இலிருந்து 21 நிமிடம், சேற்றில் இன்னும் கூட. வாட்டர்லூவுக்கு ஒரே வரைபடம் போதாது. குறைந்தது மூன்று: முற்பகல் 11.30 அளவில் தொடக்கம், பிற்பகல் 4.30 அளவில் பிரிட்டிஷாரின் கூட்டாளிகளான பிரஷ்யர் பிளான்சனுவா கிராமத்துப் பக்கம் வெளிப்படுவது, 7.30 அளவில் நெப்போலியனின் பேரரசுக் காவற்படையின் தாக்குதல்.

வரைகோல்:

கோட்டைமதில் அண்ணை, கணக்குப்பிள்ளை ஐயா, இரண்டு பேருக்கும் நன்றி. ஐங்கோணக் கோட்டை ஏற்கனவே பென்சிலிலை வரைஞ்சாச்சு, அழிக்கவேண்டியதுதான்.

இன்னும் இரண்டு சந்தேகம். பீரங்கிக் குண்டு விழுற இடத்திலை வெடிப்பு எவ்வளவு பெரிசாய்ப் போடுறது? மற்றது, விரிபடத்தின்ரை நடுவிலை இரண்டு பக்கமும் பயனெட்டாலை குத்திக்கொள்ளுற காட்சி வைக்கிறதாய் யோசனை. அது சரிதானே?

சோளகக்காத்து:

வெடிப்புப் போடவே வேண்டாம். களப் பீரங்கியின் பெரும்பாலான குண்டு வெறும் இரும்பு உருண்டை, அது வெடிக்காது. 6 இறாத்தல் குண்டு மூண்டரை அங்குல விட்டம், ஒரு தோடம்பழத்தை விடக் கொஞ்சம் பெரிசு. நிலத்திலை பட்டுத் தெறிச்சு, திரும்பப் பட்டுத் தெறிச்சு, வரிசையை ஊடறுத்துப் போகும். வரையவேண்டியது மண் தெறிப்பு, உழுத கோடு, ஒரே நிரலிலை ஒருத்தன் பின்னாலை ஒருத்தனாய் விழுந்த ஆக்கள். நிலம் ஈரமாய் இருந்தால் குண்டு தெறிக்காமல் புதையும். வாட்டர்லூவுக்கு முதல்நாள் இரவு கொட்டின மழையாலை பிரெஞ்சுப் பீரங்கிக்கு நடந்தது அதுதான்.

வெடிக்கிறது, ஹவிட்சர், மோட்டார் எண்ட குட்டைப் பீரங்கிகள் வளைச்சு எறியிற, உள்ளே மருந்து வைச்ச குண்டு. 1658 முற்றுகையிலை மோட்டார்க் குண்டு மதிலுக்கு மேலாலை வளைஞ்சு போறதை வரையலாம். வானத்திலை வெடிச்சு ஈயம் தூவுற ஷிராப்னல் 1803க்குப் பிறகு பிரிட்டிஷாரிட்டை மட்டும், ஆகவே உங்கடை ஐஞ்சிலை வாட்டர்லூவிலை மட்டும், அதுவும் பிரிட்டிஷ் பக்கத்திலை இருந்து போறதாய் மட்டும். கிட்டத்துக்கு, அதாவது ஒரு 300 யாருக்குள்ளை, தகரக் குவளை நிறைய உருண்டைகளை அடைச்ச கனிஸ்டர்.

ஒவ்வொரு வெடிக்கும் பீரங்கி ஒரு மீற்றர், ஒன்றரை மீற்றர் பின்னாலை உருளும், ஆக்கள் திரும்பத் தள்ளி வைப்பினம். சக்கரத்துக்குக் கீழை முன்னும் பின்னுமாய் அந்தத் தடம் இருக்க வேணும். பின்னாலை மருந்து வண்டியும் குதிரையும் நிக்கும், படங்களிலை எப்பவும் காணாமல் போறது இதுகள்தான். ஆனால் பொள்ளிலூரிலை அந்த வண்டிதான் கதையே. 1780 செப்டம்பர் 10, காஞ்சிபுரத்துக்குக் கிட்ட, கம்பனியின் கேணல் பெய்லியின் படைக்கு நடுவிலை மருந்து வண்டிகள் வெடிச்சது சண்டையின்ரை போக்கை மாத்தினது. அந்த ஒரு படத்திலை மட்டும் நீங்கள் ஆசைப்பட்ட வெடிப்பைப் பெரிசாய்ப் போடலாம்.

புகை வெள்ளை. கருமருந்து எண்ட பேரைப் பார்த்துக் கறுப்பாய்ப் பூசுகினம். கறுப்புப் புகை எரியிற வீட்டிலை, வைக்கோலிலை இருந்து வாறது. மருந்துப் புகை பாலாடை மாதிரி, கொஞ்சம் மஞ்சள் கலந்து, காத்தில்லாட்டி இடுப்பு உயரத்திலையே தேங்கும். கால் தெரியும், முகம் தெரியாது. முதல் சூட்டுக்கு முன்னம் துப்புரவாய்த் தெரிஞ்ச களம், பத்து நிமிசத்திலை சுவர் கட்டின மாதிரி. ஆகவே படத்துக்கு எந்த நிமிசம் எண்டு முடிவெடுக்காமல் புகை போடாதேங்கோ. காத்துத் திசையும் ஒண்டுதான் இருக்க வேணும்: கொடி ஒரு பக்கம், புகை மற்றப் பக்கம் போற ஓவியங்களைப் பார்த்துக் கண் புளிச்சுப்போச்சு. யாழ்ப்பாண முற்றுகை 1658 ஜூனிலை முடியுது, அது சோளகக் காலம், தென்மேற்குக் காத்து. கோட்டைக்குத் தெற்கை கடனீரேரி. ஜூன் காட்சி எண்டால் புகை ஏரிப்பக்கமிருந்து பட்டினத்துக்கு மேலாலை போக வேணும். மார்ச், ஏப்ரல் காட்சியெண்டால் காத்து மந்தம், புகையைத் தேங்க விடுங்கோ.

நிலத்தைப் பற்றி: இப்பத்தைய போட்டோவை நம்பாதேங்கோ. வாட்டர்லூவிலை நினைவுச்சின்னமாய் நிக்கிற 40 மீற்றர் சிங்க மேடு 1826இலை முடிஞ்சது, அதுக்கு மண் எடுத்தது சண்டை நடந்த மேட்டிலை இருந்துதான். பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் படையை மறைச்சு வைச்ச சரிவின்ரை ஒரு பகுதியே இப்ப இல்லை. பிளாசியிலை பாகீரதி ஆறு கரையைத் தின்று, கம்பனிப் படை நிண்ட மாந்தோப்பும் போய்ட்டுது. மற்றது பயிர். ஜூன் நடுவிலை வாட்டர்லூ வயல்களிலை றை தானியம் நெஞ்சளவு நிண்டது. புல்வெளி வரைஞ்சால் பிழை. காலமையிலை நிமிர்ந்த பயிர், பின்நேரத்திலை மிதிபட்டுச் சேறு. லொய்த்தன் டிசம்பர் 5, நிலத்திலை மெல்லிய பனி, தாக்குதல் மத்தியானத்துக்குப் பிறகுதான் தொடங்கினது, கெதியாய் இருட்டும். நிழல்கள் நீளமாய் விழ வேணும்.

பிளாசிக்கு ஒரு காட்சி சொல்லட்டோ? நவாபின் பெரிய பீரங்கிகள் நிலத்திலை நிக்கேல்லை. ஆறடி உயர மர மேடையிலை, நாப்பது ஐம்பது சோடி வெள்ளை எருது இழுக்க, பின்னாலை ஒரு யானை நெத்தியாலை முட்டித் தள்ளினது. மத்தியானத்திலை மழை அடிச்சது. கம்பனிக்காரர் மருந்தைத் தார்ப்பாயாலை மூடிப்போட்டினம், நவாப் பக்கத்து மருந்து நனைஞ்சுது. இரண்டு பக்கமும் நனைஞ்சிருக்கும் எண்டு நினைச்சு நவாபின் குதிரைப்படை முன்னாலை வந்து அடிவாங்கினது. யானை, எருது, தார்ப்பாய், ஈரம்: இதுக்கு மேலை என்ன வேணும். பயனெட் குத்து எதுக்கு?

கோட்டைமதில்:

பயனெட் விசயத்திலை சோளகத்தார் சொல்லுறது சரி, ஆனால் முழுக்க இல்லை எண்டும் சொல்ல ஏலாது. திறந்த வெளியிலை இரண்டு வரிசை நேருக்கு நேர் மோதிக் குத்துப்பட்டது மெத்தக் குறைவு. முட்டுறதுக்கு முன்னமே ஒரு பக்கம் உடைஞ்சு ஓடும். பயனெட்டின்ரை வேலை பயம் காட்டுறது. ஆகவே வெளியிலை வரைஞ்சால் ஒரு பக்கம் பயனெட்டை நீட்டி வர, மற்றப் பக்கம் பின்வரிசை திரும்பத் தொடங்கியிருக்க வேணும். ஓட்டம் பின்னாலை இருந்துதான் தொடங்கும், முன்னாலை நிக்கிறவனுக்கு ஓட இடமில்லை.

குத்துச் சண்டை நடக்கிறது ஓட இடமில்லாத இடத்திலை. லொய்த்தனிலை மதில் சூழ்ந்த தேவாலய வளவு, வாட்டர்லூவிலை ஹூகுமோன் பண்ணை வாசல், பிளான்சனுவாவின் இடுகாடு. உங்களுக்கு அந்தக் காட்சி கட்டாயம் வேணுமெண்டால் லொய்த்தன் தேவாலயத்துக்கு மாத்துங்கோ. வாட்டர்லூவின் லா ஹே செந்த் பண்ணையும் இருக்கு: அதைக் காத்த மேஜர் பாரிங்கின் ஆக்களிட்டை றைபிள், அதுக்குரிய தோட்டா முடிஞ்சுபோய்த்தான் பின்நேரம் ஆறு மணியளவிலை இடம் கைவிட்டுப்போனது. வெறும் துவக்கோடை பின்வாசலாலை வெளியேறுற ஆக்கள். அதை இதுவரைக்கும் ஆராவது ஒழுங்காய் வரைஞ்சிருந்தால் காட்டுங்கோ.

பண்ணைக்கரை:

படத்தைப் புரட்டுற பிள்ளைக்கு அடிபாடு தெரியாட்டி புத்தகத்தை மூடிவிடும் எண்டதையும் யோசிக்க வேணும். எல்லாத்தையும் கணக்குப்படி வரைஞ்சால் புகையும் முதுகும்தான் மிஞ்சும்.

சோளகக்காத்து:

நியாயமான கேள்வி. அதுக்கு வழி பார்வைக் கோணம். கண்ணை வரிசைக்குள்ளை வையுங்கோ, புகைக்குப் பின்னாலை இல்லை. மூண்டாம் வரிசைக்காரன்ரை தோளுக்கு மேலாலை பார்த்தால் முன்னாலை இடிக்கிறவன், கடிக்கிறவன், விழுறவன் எல்லாம் கைக்கெட்டின தூரத்திலை. எதிரி புகைக்குள்ளை மங்கின பயனெட் நுனியாய் மட்டும். பிள்ளை மூடாது.

ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரோவியத்தையும் பாருங்கோ. பொள்ளிலூரைத் திப்புவின் பக்கத்திலை இருந்து காட்டுது: நடுவிலை சிவப்புச் சட்டைக்காரர் சதுரமாய் நெருங்கி, பல்லக்கிலை பெய்லி, வெடிக்கிற மருந்து வண்டி. தூரம், அளவு ஒண்டும் கணக்குப்படி இல்லை, ஆனால் கண் எங்கை போகவேணுமோ அங்கை போகுது. அது 19ஆம் நூற்றாண்டிலை திரும்ப வர்ணம் பூசப்பட்டது, ஆகவே உடுப்பு நிறத்துக்குச் சாட்சியாய் எடுக்காதேங்கோ, அமைப்புக்கு எடுங்கோ. யாழ்ப்பாணத்துக்கு 1672இலை அம்ஸ்ரர்டாமிலை அச்சான பால்தேயுவின் நூலிலை செப்புத்தகட்டுப் படங்கள் இருக்கு. அவர் ஒல்லாந்தப் படையோடை வந்த போதகர், ஆகவே இடக்கிடையைச் சரிபார்க்க உதவும். பனையை மட்டும் எங்கடை வளவிலை பார்த்து வரையுங்கோ.

கம்பனிச் சிப்பாய்களுக்குச் சிவப்புச் சட்டை போட்டால் கீழை ஐரோப்பியக் காற்சட்டை போடவேண்டாம். முழங்கால் தெரியிற குட்டைக் காற்சட்டை, வெறுங்கால் அல்லது செருப்பு, தலைப்பாகை.

கணக்குப்பிள்ளை:

அச்சுப் பக்கம் ஒன்று. பசை வைத்து ஒட்டும் பைண்டிங் என்றால் நடுமடிப்பில் ஒவ்வொரு பக்கத்திலும் 8இலிருந்து 10 மில்லிமீற்றர் விழுங்கப்படும். 1:20,000 வரைபடத்தை இரண்டு பக்கத்தில் விரித்தால் மடிப்புக்குள் போவது 320இலிருந்து 400 மீற்றர் நிலம், லா ஹே செந்த் பண்ணை முழுவதுமாகக் காணாமல் போகும். ஒன்றில் வரைபடத்தைத் தனிப்பக்கத்துக்குள் அடக்குங்கள், இல்லை மடிப்பின் இருபுறமும் அந்தத் துண்டைத் திரும்ப அச்சிடும்படி பக்கத்தை அமையுங்கள். சம உயரக் கோடுகளை 5 மீற்றர் இடைவெளியில், மண்ணிறத்தில், 0.25 பொயின்றுக்கு மெல்லியதாக்காமல் போடுங்கள், அதற்குக் கீழே அச்சில் உடையும். வாட்டர்லூவின் மேடுகள் தாழ்ந்தவை, 10 மீற்றர் இடைவெளி வைத்தால் சண்டையைத் தீர்மானித்த சரிவே வரைபடத்தில் தெரியாது.

சிவப்பு மை பற்றியும்: பிரிட்டிஷ் சாதாரண சிப்பாயின் சட்டை மஞ்சிட்டி இனத்து வேர்ச்சாயம், செங்கல் சாயல், வெயிலில் வெளிறும். பளிச்சென்ற சிவப்பு அதிகாரிகளுடையது. இரண்டுக்கும் ஒரே சிவப்பை ஊற்றினால் வரிசையில் அதிகாரி யாரென்று தெரியாது.

வரைகோல்:

விளங்குது. லொய்த்தனிலை தேவாலய வளவு, வாட்டர்லூவிலை மூண்டாம் வரிசைக்குள்ளை இருந்து பார்க்கிற சதுரம், பிளாசியிலை யானை மேடையும் மழையும். யாழ்ப்பாணம் நாற்சதுரக் கோட்டையோடை புதுசாய். கொடிகளிலை ஏதும் கவனிக்க இருக்கோ?

கோட்டைமதில்:

இருக்கு, நல்ல நேரம் கேட்டியள். பிரிட்டிஷ் யூனியன் கொடியிலை சரிஞ்ச சிவப்புக் குறுக்கு 1801இலைதான் சேர்ந்தது. பிளாசிக்கும் பொள்ளிலூருக்கும் நீலத்திலை வெள்ளைச் சரிவும் நேரான சிவப்புச் சிலுவையும் மட்டும். பிரெஞ்சுக் கொடியிலை நிறங்கள் மூண்டு நிரையாய் நிக்கிறது 1812இலை வந்த வடிவம், அதுக்கு முந்தினதிலை நடுவிலை வெள்ளை வைரக்கட்டம். உங்கடை வாட்டர்லூவுக்கு நிரைதான். பிரிட்டிஷ் பட்டாலியனுக்கு இரண்டு கொடி, ஒண்டு அரசனுடையது, மற்றது ரெஜிமென்டுடையது. ஒவ்வொண்டும் ஏறக்குறைய ஆறடிப் பட்டு. மழையிலை நனைஞ்சு கம்போடை ஒட்டிக் கிடக்கும், வாட்டர்லூ காலமைக் காட்சியிலை அதைப் பறக்க விடாதேங்கோ.